வலது காலுக்கு எட்டரை

1. வந்த நாள்

லாரன்ஸ் எங்கள் பெங்களூர் ஃபுட்பால் கிளப்புக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். டாக்சியிலிருந்து இறங்கியதும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கோச் இல்லை, மேனேஜரும் இல்லை. கிட் மேன். ஆட்டக்காரர்களின் ஜெர்சி, சாக்ஸ், பூட் எல்லாவற்றையும் துவைத்து, துடைத்து, எடுத்து வைப்பது என் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைக்கு வருகிறேன்.

லாரன்ஸ் சென்னை காசிமேட்டுக்காரர். வயது இருபத்தொன்பது. ஃபார்வர்டு. சொந்த கிளப்பில் ஆட இடம் கிடைக்காததால் மூன்று மாதத்துக்கு எங்களிடம் லோனில், அதாவது இரவலாக, அனுப்பியிருந்தார்கள். இங்கே நன்றாக ஆடினால் அடுத்த சீசனுக்கு அங்கே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த வயதில் ஒரு ஃபார்வர்டுக்கு வேறு கிளப் கிடைப்பது கஷ்டம். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்களிடம் பூட்டையும் கிளப்பே கொடுக்கும். புது ஆள் வந்தால் காகிதத்தின்மேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வேன். அன்றைக்கு வரையவில்லை. பேர்பெற்ற ஆள், அவர் முன்னால் உட்கார்ந்து காலைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. அவருடைய கிளப் அனுப்பிய ஷீட்டில் பூட் சைஸ் எட்டு என்று இருந்தது. எட்டையே எடுத்துக் கொடுத்தேன்.

"சரியா இருக்கா சார்?"

"சூப்பர்ணா. சார்லாம் வேணாம்."

போட்டு நாலடி நடந்து காட்டினார். முதல் வாரம் முழுக்க நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

2. நான்கு மேட்ச்

ஓட்டத்தில் குறை இல்லை. பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரிந்து அங்கே போய் நிற்பார். ஆனால் ஷாட் அடிக்கிற நேரத்தில் என்னவோ ஆகிவிடும். ஒன்று, பக்கவாட்டில் தள்ளிவிடுவார். இல்லை, இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். நான்கு மேட்ச் போயிற்று, ஒரு கோல் இல்லை.

எங்கள் கோல்கீப்பர் இம்ரான் பிரேசர் டவுன்காரன், வாய் சும்மா இருக்காது. ஷூட்டிங் பிராக்டிஸில் கத்துவான்: "க்யா லாரன்ஸ் பாய்! பந்த கையில குடுத்துட்டுப் போறீங்க? அடிங்க பாய், எனக்கும் வேல வேணும்ல?" எல்லோரும் சிரிப்பார்கள். லாரன்ஸும் சிரிப்பார்.

நான்காவது மேட்சுக்கு மறுநாள் கோச் என்னை நிறுத்தினார். அவர் மைசூர் பக்கத்துக் கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். "மூர்த்தி, லாரன்ஸோட கிட்டை எண்ணி வாங்கி வெச்சுக்கோ. அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. அடுத்த திங்கக்கிழமை அவங்க கிளப்புக்கு லெட்டர் போடறேன். இன்னும் ரெண்டு மாசம் சும்னே எதுக்கு வெச்சிருக்கணும்?"

பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட ஆளை யாரும் எடுக்கமாட்டார்கள்.

3. ஒற்றை சாக்ஸ்

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நம்பர் போட்ட வலைப்பை உண்டு. அழுக்குத் துணியை அதில் போட்டுக் கொடுப்பார்கள், பையோடு மிஷினில் போடுவோம். கோச் சொன்னபடி லாரன்ஸின் பையைப் பிரித்து எண்ணினேன். ஜெர்சி சரி, ஷார்ட்ஸ் சரி. சாக்ஸில் மூன்றும் இடது. வலது ஒன்றுகூட இல்லை.

எங்கள் சாக்ஸில் இடது, வலது என்று எழுத்து நெய்திருக்கும், அதனால் தெரிந்தது. பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தேன். லாரன்ஸ் வாஷ்பேசினில் குனிந்து, கை சோப்பைப் போட்டு ஒற்றை சாக்ஸைக் கசக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. வலது கால் கட்டைவிரலில் நகம் கறுத்துப் பாதி தூக்கிக்கொண்டு நின்றது.

"பூட் கடிக்குதா?" என்றேன்.

அவர் குழாயை மூடினார்.

"இந்தக் கால் முன்னாடி ஒருவாட்டி உடைஞ்சதுணா. இப்ப வலி இல்ல, ஒண்ணும் இல்ல. பாதம் மட்டும் கொஞ்சம் பெருசாயிடுச்சு. இதுக்கு எட்டர வேணும், அதுக்கு எட்டு. எங்க கிளப்ல இருக்கற கிட் அண்ணன் ரெண்டு ஜோடி பிரிச்சு, காலுக்கு ஒண்ணா சேத்துக் குடுப்பாரு. ஷீட்ல எழுத மாட்டாரு. நான்தான் எழுதாதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்?"

"உடைஞ்ச கால்னு தெரிஞ்சா யாருணா எடுப்பான்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மூணு மாசம் இருந்துட்டுப் போறவன். வந்த அன்னிக்கே ரெண்டு ஜோடி கேட்டா என்னா நெனைப்பீங்க?" என்றவர், கொஞ்சம் சிரித்து, "நீங்க வேற சார்னு கூப்ட்டீங்க" என்றார்.

பூட் ரூமுக்குத் திரும்பி அவருடைய பூட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபார்வர்டுகளின் பூட்டில் லேஸ் இருக்கும் மேல்பக்கம்தான் முதலில் தேயும், பந்தை உதைக்கிற இடம் அது. இவருடைய வலது பூட்டில் அந்த இடம் புதிதாகக் கடையில் வாங்கினதுபோல் பளபளவென்று இருந்தது. தினமும் துடைத்தவன் நான்தான். பார்க்காமல் துடைத்திருக்கிறேன்.

4. கோச் ரூம்

இருபத்திரண்டு வருடத்தில் கோச் ரூமுக்குள் கூப்பிடாமல் போனது அதுதான் முதல்முறை. கதவுக்கு வெளியே இரண்டு தடவை நடந்தேன். உள்ளே போனதும் சொல்லவந்தது மறந்துவிட்டது.

"ஏனு மூர்த்தி, மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். லாரன்ஸுக்கு நான் தப்பான சைஸ் குடுத்துட்டேன். கால அளக்கல. நாலு மேட்சும் அந்த பூட்டுல ஆடியிருக்காரு. விரல்ல ரத்தம்."

கோச் பேனாவை வைத்தார். "அவனுக்கு வாய் இல்லையா? கடிக்குதுன்னு சொல்ல மாட்டானா?"

"புது எடம் சார். கூச்சம்."

"உனக்கு என்னய்யா? அளக்கறதுக்கு?"

"எனக்கும் அதான் சார்."

கோச் நெற்றியில் தட்டிக்கொண்டார். "கர்மா! நீங்க ரெண்டு பேரும் கூச்சப்பட்டு எனக்கு நாலு மேட்ச் போச்சு." பிறகு குரலை இறக்கி, "ஃபிசியோகிட்ட விரலைக் காட்டச் சொல்லு. சனிக்கிழமை ஒரு மேட்ச் பாக்கறேன். அப்புறம்தான் லெட்டர்" என்றார்.

வலது காலுக்கு மட்டும்தான் சைஸ் வேறு என்பதை நான் சொல்லவில்லை. அது லாரன்ஸ் சொல்லவேண்டிய விஷயம்.

5. சனிக்கிழமை

கம்பெனியில் ஆர்டர் போட்டால் வர மூன்று வாரம் ஆகும். மூன்று கடை ஏறி இறங்கி அதே மாடலில் எட்டரை வாங்கிவந்து, அதன் வலதையும் பழைய எட்டின் இடதையும் ஜோடி சேர்த்தேன். ஜோடி மாறிவிடக் கூடாதென்று வலதில் மட்டும் லேஸை வேறு விதமாகக் கோத்தேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றித் தோலை இளக்கினேன். விரலுக்கு ஃபிசியோ பஞ்சு வைத்து டேப் ஒட்டிவிட்டார். லாரன்ஸ் பூட்டில் காலை நுழைத்து எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறுபதாவது நிமிடத்தில் அவரை மாற்று ஆளாக மைதானத்தில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே ஒரு பந்து கிடைத்தது. வலது காலால் முழுசாக அடித்தார். கோல் போஸ்ட்டில் பட்டு வெளியே போயிற்று. அந்தச் சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. கோச் மைதானத்தைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பூட்தான்னு தெரிஞ்சுது" என்றார்.

அன்றும் கோல் இல்லை. ஆனால் லெட்டர் போகவில்லை. அடுத்த வாரம் முதல் கோல் போட்டார். இம்ரான் ஆடுகளத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவர் முதுகில் ஏறினான். அன்று டிரெஸ்ஸிங் ரூமில் லாரன்ஸே கோச்சிடம் தன் காலைப் பற்றிச் சொன்னார். "கோல் போடற கால் எந்த சைஸா இருந்தா எனக்கென்னப்பா" என்றார் கோச். மூன்று மாதம் முடிந்தபோது நான்கு கோல். சொந்த கிளப் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

6. பிறகு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூச்சம் எனக்கு மட்டும்தான் தொந்தரவு என்று அதுவரை நினைத்திருந்தேன். யாரையும் கஷ்டப்படுத்தாத குணம் என்று அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் நான் கேட்காமல் விட்டது இன்னொருவரின் காலைக் கடித்தது. வந்த இடத்தில் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். இருக்கிற நாம்தான் கேட்கவேண்டும்.

அடுத்த சீசன் தொடங்கும்போது லாரன்ஸ் போன் செய்தார். நலம் விசாரித்தோம்.

"பூட் எப்பிடி?" என்றேன்.

"பழைய அண்ணன் வேலய விட்டுட்டாருணா. புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. நாளைக்குத்தான் கேக்கணும்."

"நாளைக்குக் கேப்பியா?"

சிரித்தார்.

அந்தப் புதுக் கிட் மேனின் நம்பரை அவரிடமே வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு நானாகப் போன் போட்டது அதுவரை இல்லை. மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"வணக்கம் சார். பெங்களூர்லேருந்து மூர்த்தி பேசறேன், நானும் கிட்தான் பாக்கறேன். உங்ககிட்ட லாரன்ஸ்னு ஒருத்தர் இருக்காரு. அவரு கேக்க மாட்டாரு சார். அதான் நான் கேக்கறேன்."