மூன்றாவது நாய்

அபிஷேகப்பாக்கம் காலனியில் தளம் போட்ட வீடு முதலில் கட்டியவர்களில் இளவரசியும் ஒருத்தி. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மாடிக்கு ஏறப் படி கிடையாது. வீடு எப்படி எழும்பியது என்று கேட்டவர்களுக்கு, சென்னையில் ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன், கவர்ன்மென்ட் பணமும் கொஞ்சம் வந்தது என்று சொல்லிவிடுவாள். ஒரு வருஷச் சம்பளத்தில் அது நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். என்ன முடிவுக்கு வந்தார்களோ, அவள் முகத்துக்கு நேராக யாரும் கேட்டதில்லை.

நடந்தது வேறு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீரமணி, வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. அடுத்த மாதம் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து விவரம் சொன்னாள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. பிள்ளை இல்லாத புருஷன் பெண்டாட்டியின் கருவை வயிற்றில் வாங்கி, சுமந்து, பெற்றுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்போது சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளாக, உடம்பில் நோய் இல்லாதவளாக இருந்தால் போதும். இளவரசிக்கு ஆறு வயதில் சுகன்யா இருந்தாள். வீரமணி படுத்தபடியே கையெழுத்துப் போட்டான்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறிப் போனவள், பத்து மாதம் கழித்துத்தான் திரும்பினாள். பிறந்தது ஆண் என்று நர்ஸ் சொன்னாள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது தொட்டில் காலியாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அறையில் தொட்டிலே போட்டிருக்கவில்லை.

பணத்தில் பாதி வீரமணியின் ஆபரேஷனுக்குப் போயிற்று, பாதி வீடாயிற்று. அவன் எழுந்து நடந்தான். ஆனால் மறுபடி சாரம் ஏறவில்லை. குடித்தான். ஐந்து வருஷத்தில் போய்விட்டான். மாமியாரும் போன பிறகு, தாயும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். இளவரசி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். மெஷின் வந்து அந்த வேலை குறைந்ததும் சிங்காரவேலு வீட்டில் சேர்ந்தாள்.

சிங்காரவேலுக்கு மூன்று காணி கரும்பும் இரண்டு காணி நெல்லும் உண்டு, வயது எழுபத்தொன்று. அவர் மனைவி ஆதிலட்சுமி இருந்தவரை இளவரசியின் வேலை பின்கட்டோடு சரி, பாத்திரமும் துணியும்தான். அந்த அம்மாள் நான்கு வருஷத்துக்கு முன்னால் இறந்தபின், வேறு ஆள் இல்லாமல், சமையலும் அவள் கைக்கு வந்தது. நாயும் அவள் கைக்கு வந்தது.

நாயின் பெயர் ஜிம்மி. லாப்ரடாருக்கும் தெரு நாய்க்கும் பிறந்தது. தேன் நிறம், இடது காது மட்டும் வெள்ளை. ஆதிலட்சுமி அதைக் குட்டியாக வில்லியனூரிலிருந்து துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சிங்காரவேலு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். அவள் போன பிறகும் அவர் உரக்கவே படித்தார். ஜிம்மி கால்மாட்டில் படுத்துக்கொண்டு கேட்கும். இளவரசி தாளித்துக்கொண்டிருப்பாள், ஆனால் தனக்காக அவர் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் தை கழிந்ததும் ஜிம்மி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் புகழேந்தி வீட்டுக்கு வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்ணீரலில் கட்டி. பதிமூன்று வயது நாய்க்குக் கத்தி வைக்க முடியாது, இரண்டு மாதம் இருந்தால் அதிகம் என்றார். சிங்காரவேலு தலையை ஆட்டினார். அன்றைக்குப் பேப்பர் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து மகள் அர்ச்சனா வீடியோவில் வந்தாள். சிங்காரவேலு போனைப் பிடித்தால் நெற்றிதான் தெரியும் என்பதால் இளவரசி பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆகவே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஜிம்மியை திரும்ப உண்டாக்க முடியும்ப்பா. இங்க செய்யறாங்க. குளோனிங்னு பேரு. அதோட வயித்துத் தோல்ல ஒரு கடலை அளவு எடுத்தா போதும். லேப்ல வளர்ப்பாங்க."

"வளத்து?"

"வேற ஒரு நாய்கிட்டேருந்து கருமுட்டை எடுத்து, உள்ள இருக்கறத எடுத்துட்டு இதை வெப்பாங்க. அப்புறம் இன்னொரு நாயோட வயித்துல வெச்சிடுவாங்க. ரெண்டு மாசத்துல குட்டி பொறந்துடும்."

"அதே ஜிம்மியா?"

"அதே ஜீன்ஸ்தான்ப்பா."

"எவ்ளோ ஆவும்?"

"அம்பதாயிரம் டாலர். நம்ம பணத்துல நாப்பத்தி நாலு லட்சம் வரும். பாதி நான் போடறேன். அம்மா வளர்த்த நாய்ப்பா அது."

மீதிப் பாதிக்கு ஒதியம்பட்டில் ரோட்டோரம் இருக்கும் மனையை விற்றாக வேண்டும். சிங்காரவேலு அதைச் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். பேச்சு முடியும் சமயத்தில் இளவரசி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாப்பா, அந்த மூணாவது நாய அப்பால இன்னா பண்ணுவாங்க?"

"எந்த மூணாவது நாய்க்கா?"

"வயித்துல சொமக்கற நாய்."

"தெரியலக்கா. நான் அதக் கேக்கல. கேட்டுச் சொல்றேன்."

கேட்கமாட்டாள் என்றுதான் இளவரசி நினைத்தாள். ஆனால் கேட்டிருந்தாள். நான்கு நாள் கழித்து சிங்காரவேலுவின் போனுக்கு நீளமான வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். இளவரசி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

சுமக்கிற நாய் ஒன்றே ஒன்று இல்லையாம். பல நாய்களின் வயிற்றில் வைப்பார்கள், ஏதோ ஒன்றில் பிடிக்கும். பிடிக்காதவற்றில் கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் வைப்பார்கள். குட்டி பால் மறந்ததும் தாய் நாய் அவர்கள் இடத்திலேயே இருக்கும். சிலவற்றை வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் சிலதும் சொன்னாள். வெள்ளைக் காது அதே காதாக வரும் என்று உறுதி இல்லை. திட்டு இடம் மாறலாம். குணம் வளர்க்கிற விதத்தில்தான். இரண்டு குட்டி பிறந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

பிடிக்காதவற்றில் மறுபடியும் வைப்பார்கள் என்ற இடத்தில் இளவரசியின் கை அரிசிக்குள் நின்றது. சென்னை விடுதியில் அவள் பக்கத்துக் கட்டிலில் கடலூர்க்காரி ஒருத்தி இருந்தாள். இரண்டு தரம் வைத்தும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் வேண்டாம் என்று பஸ்சுக்குக் காசு கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது அவள் எல்லார் துணியையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு இளவரசி உலை வைத்தாள்.

தோலை மட்டும் எடுத்து வைப்போம், முடிவு அப்புறம் செய்யலாம் என்று தகப்பனும் மகளும் பேசிக்கொண்டார்கள். தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக் காகிதங்கள் வேண்டியிருந்தன. அவை கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஜிம்மி எழுந்து நிற்பதை விட்டிருந்தது. குளோனிங் செய்யும் நிறுவனம் அனுப்பிய பெட்டியில் இளஞ்சிவப்பு நீர் நிரப்பிய இரண்டு சின்னக் குப்பிகள் இருந்தன. டாக்டர் புகழேந்திக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை, சிங்காரவேலுக்காக வந்தார். இளவரசி ஜிம்மியின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, வயிற்றில் மயிர் மழித்து, இரண்டு துண்டு எடுத்து, இரண்டு தையல் போட்டார்.

"வர்றது இவனா இருக்குமா டாக்டர்?" என்று சிங்காரவேலு கேட்டார்.

"ரெட்டப் புள்ளைங்கள்ல ஒண்ணு இப்ப பொறந்துது, இன்னொண்ணு பதிமூணு வருஷம் கழிச்சுப் பொறந்துதுன்னு வெச்சிக்கங்க. மூஞ்சி இருக்கும். உங்கள அதுக்குத் தெரியாது."

பெட்டி அன்று மத்தியானமே கூரியரில் போயிற்று. பத்து நாள் கழித்து ஒரு காலையில் இளவரசி வந்து பார்த்தபோது ஜிம்மி விறைத்துக் கிடந்தது. கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார்கள். சிங்காரவேலு மண் தள்ளும்வரை நின்றுவிட்டு, அன்றைக்கு விடவேண்டிய தண்ணீரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மாதக் கடைசியில் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது: செல்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, உறைய வைத்திருக்கிறோம், மேற்கொண்டு செய்வதானால் பணம் கட்டலாம்.

இரண்டு வாரம் கழிவதற்குள் மனை புரோக்கர் ஒருவன் இரண்டு தடவை வந்து போனான். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"நீதான் அவன அதிகமா பாத்துக்கினே. இன்னா சொல்ற, செய்யலாமா?"

"உங்க துட்டு, ஐயா. நான் இன்னா சொல்றது."

"கேக்கறேன் இல்ல."

இளவரசி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை.

"அந்த வேலைய நான் செஞ்சிருக்கறேன், ஐயா."

"எந்த வேலை?"

"சொமந்து குடுக்கற வேலை. சென்னையில கம்பெனி வேலைன்னு சொன்னது அதுதான். வீரமணி வுழுந்து கெடந்தப்ப."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தனக்கு ஊசி போட்டதையும், கரு வைத்த அன்று கால் பக்கத்தைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்ததையும், முப்பது பெண்கள் ஒரே விடுதியில் இருந்ததையும், யாரோ ஒருவருடைய கதையைப்போலச் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் புள்ளையப் பாத்தியா?"

"இல்ல."

"நெனப்பு வருமா?"

"ஆடி மாசம் வரும். ஆடியிலதான் பொறந்தான். மத்த நாளு வேலை இருக்குது."

"அது தப்புன்னு சொல்றியா?"

"நான் அப்பிடி சொல்லல, ஐயா. எங்கிட்ட கேட்டாங்க, சரின்னேன். துட்டு குடுத்தாங்க, வூடு நிக்குது. அந்த நாய்ங்கள யாரும் கேக்க முடியாது. நீங்க கேட்டதால சொன்னேன்."

சிங்காரவேலு கையில் சோறு காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இளவரசிக்கு, பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியதை, ஒரு நாய் விஷயத்துக்காக, ஊர்ப் பெரியமனுஷன் ஒருவரிடம் கொட்டிவிட்டோமே என்று பட்டது. மூன்று நாள் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலுக்கும் வரவில்லை; காபியை முன்கூடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று அவள் முடிவுசெய்து, ஒதியம்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமையல் ஆள் தேவை என்று விசாரித்தும் வைத்தாள். நான்காம் நாள் அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாம்பார்ல உப்பு கம்மியா போடு. டாக்டர் சொல்லிகினே இருக்கறாரு."

"சரிங்க, ஐயா."

அவ்வளவுதான். அவர் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை என்பது நாள் ஆக ஆக அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிறு அவர் மகளிடம் சொன்னபோது போனை இளவரசிதான் பிடித்திருந்தாள். "எனக்கு எழுபத்தொண்ணும்மா. குட்டி வந்தா அதுவும் பதிமூணு வருஷம் இருக்கும். அது வரைக்கும் நான் இருப்பனா? அதுக்கு யாரு சோறு வெப்பா? வேணாம், வுடு."

அர்ச்சனா கொஞ்ச நேரம் அழுதாள். செல்களை எறியச் சொல்ல மனசு வரவில்லை என்றாள். பத்திரப்படுத்த வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும், அதை நானே கட்டிக்கொள்கிறேன் என்றாள். அவரும் மறுக்கவில்லை. இன்றைக்கும் அவை அங்கே உறைந்துதான் இருக்கின்றன. மகளிடம் வயதைக் காரணம் சொன்னவர், புரோக்கரிடம் மனை விலை இன்னும் ஏறும் என்று சொன்னார். இளவரசியிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டபின் அந்த விஷயம் முன்போல உள்ளே அடங்கிக் கிடக்கவில்லை. சுகன்யாவுக்கு இப்போது பதினெட்டு. நர்சிங் முதல் வருஷம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இளவரசி சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் முடிந்தது. சுகன்யா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். அழவில்லை. அந்தப் பத்து மாதம் தான் எங்கே தூங்கினோம், யார் தலை பின்னிவிட்டார்கள் என்று நினைத்துப் பார்ப்பவள்போல இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்பாடு நல்லா போட்டாங்களாம்மா?"

"தெனம் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பாலு. மீனு மட்டும் குடுக்கல. ஒருத்திக்கு வாடை ஒத்துக்கலன்னு எல்லாருக்குமே நிறுத்திட்டாங்க."

சுகன்யா தலையசைத்துவிட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த கைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.