எங்கள் நாய்க்கு அம்மை போட்ட நாள்

ஏப்ரலில் டெல்லியில் எங்கள் மயூர் விஹார் இரண்டு வாரம் தூக்கத்தில் நடக்கும். வேப்பமரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே சமயத்தில் பூத்து, மணத்தால் ஆளைக் கிறங்கவைத்துவிடும். எங்களுடையது தரைத்தள வீடு. பின்னால் கையகலத் தோட்டம், அதன் மேல் பூங்காவின் வேப்பமரம் கவிழ்ந்து நிற்கும். வருடாவருடம் அந்த நாட்களில் என் கணவரின் பழைய வேட்டி ஒன்றை மாலையிலேயே மரத்தடியில் விரித்துவிடுவேன். விடியும்போது அதில் பூ கொட்டிக் கிடக்கும். காயவைத்து எடுத்துவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

அன்று காலை வேட்டியில் பூவோடு எங்கள் நாயும் கிடந்தது. மல்லாந்து, நான்கு கால்களையும் காற்றில் விட்டுக்கொண்டு, வயிறெல்லாம் வேப்பம்பூவாக. அதற்குப் பெயர் உண்டு. சொல்ல மாட்டேன், சொன்னால் எங்கள் சொசைட்டி வாட்ச்மேன் உங்களை நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். தெருவில் கிடந்த குட்டியை மகள் பையில் போட்டுத் தூக்கிவந்தாள். அப்புறம் அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள், நாய் எங்களுக்கு என்றாகிவிட்டது. எங்களுக்கு என்றால் எனக்கு. என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவர். சுத்தக்காரர். நாய் வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. அது கூடத்தில் படுத்திருந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்.

காலை பத்து மணிக்கு அது உடம்பைச் சொறிய ஆரம்பித்தது. விலாப்பக்கம் ரோமம் அங்கங்கே கொத்துக் கொத்தாக எழும்பி நின்றது. புரட்டிப் பார்த்தால் ரோமம் குறைந்த அடிவயிற்றில் சிவந்த தடிப்புகள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"என்னங்க, இதுக்கு அம்மை போட்டிருக்கு."

அவர் பேப்பரை மடித்துவிட்டு எட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "ஆமா. மருந்து கிருந்து எதுவும் குடுத்துடாதே. மூணு நாள் விடணும்."

சிரிக்காதீர்கள். சின்ன வயதில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எனக்கு அம்மை கண்டபோது அம்மா செய்ததையெல்லாம் வரிசையாகச் செய்தேன். தோட்டத்து மரத்திலேயே கொத்தாக வேப்பிலை ஒடித்து, பூவும் கொழுந்துமாகப் பரப்பி, நாயை அதன்மேல் படுக்கவைத்தேன். வாசலில் ஒரு கொத்து செருகினேன். அடுப்பில் தாளிக்கவில்லை. அவரோ கரோல் பாகில் நண்பரைப் பார்க்கப் போவதாக இருந்ததை, அம்மை கண்ட வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாதென்று போன் செய்து நிறுத்திவிட்டார். தாளிக்காத ரசத்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார், தொடாத நாய்க்காக.

மத்தியானம் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு நாயின் பக்கத்தில் தரையிலேயே படுத்தேன். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரமும் வேப்பிலையும் கலந்த வாசனை அறையை நிறைத்தது. எப்போது கண் அயர்ந்தேனோ தெரியவில்லை. எனக்கு ஏழெட்டு வயது, வேப்பிலைமேல் படுத்திருக்கிறேன், அம்மா விசிறுகிறாள். விசிறி மேலே போகும்போது வெளிச்சம், கீழே வரும்போது நிழல். பக்கத்தில் யாரோ குறட்டை விடுகிறார்கள். அப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தூக்கம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கை நீட்டி நாயின் முகத்தைத் தடவினேன். என் கைக்குத் தெரிந்த முகமாக அது இல்லை. கண் திறந்து பார்த்தால் மூக்கும் உதடும் பூரி மாதிரி உப்பியிருந்தன. கண்கள் வெறும் கீற்று. நான் கனவில் கேட்ட குறட்டை அதன் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது தூங்கவில்லை, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன்.

அவர் வந்து பார்த்தார். ஒரு நொடிதான். குனிந்து, வேப்பிலையும் நாயுமாக அப்படியே வாரித் தூக்கிக்கொண்டார். "கதவைத் திற. ஜல்தி!"

நாய் டாக்டர் இருக்கும் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். காற்றில் இலவம் பஞ்சு மிதந்து வந்து நாயின் மேலும் அவர் சட்டைமேலும் ஒட்டியது. வெயிலில் எல்லாமே மெல்ல நகர்வது போலிருந்தது. இது போய்விட்டால் நான் பகல் முழுக்க யாரோடு பேசுவேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த இந்த மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நாய் டாக்டர் இளம்பெண். என் கணவர் தன் ஆபீஸ் இந்தியில், "மாதா நிக்லீ ஹை" என்று அம்மை போட்டிருப்பதைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தாள், மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள், ஊசி போட்டாள். பிறகு இந்தியில் நிதானமாகச் சொன்னாள்: இது அம்மை இல்லை, அலர்ஜி. பூச்சி கடித்தாலோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டாலோ இப்படித் தடிக்கும். தடிப்பு மட்டும் என்றாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். முகம் வீங்கினால், வாந்தி எடுத்தால், ஈறு வெளுத்தால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நம்மவர்கள் காணாக்கடி என்பார்களே, அதுதான். அது நாய்க்கும் வரும் என்று யார் கண்டது!

அவள் நாயின் உடம்பெல்லாம் ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தாள். காதுக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு கொடுக்கைச் சுரண்டி எடுத்துக் காட்டினாள். தேனீயினுடையது. பூவோடு பூவாகத் தேனீயும் வேட்டியில் விழுந்திருக்கிறது. நானோ அதே மரத்தை ஒடித்துப் பரப்பி, அதன் மேலேயே நாயை மருந்தில்லாமல் மூன்று நாள் போட்டுவைக்க இருந்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் வீக்கம் வடிய ஆரம்பித்தது. கண் திறந்ததும் அது முதலில் பார்த்தது அவரைத்தான். அவர் மடியில்தான் கிடந்தது. மறுநாள் காலை அவரே வேட்டியை உதறி மடித்து உள்ளே வைத்தார். அந்த வருடம் பூ எடுக்கவில்லை.

அன்றிலிருந்து மாலை டீ முடிந்ததும் நாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். வாலிலிருந்து கழுத்துவரை ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவுவார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். நாய் கண்ணை மூடிக்கொண்டு காட்டும்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை நான் கேட்டேன்: "பூவெல்லாம் கொட்டி முடிஞ்சு எத்தனை நாளாச்சு. இன்னுமா தடிப்பு வரும்?"

"வராது" என்றார். கையை எடுக்கவில்லை.