துடைக்கத் துடைக்கத் தீராத பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிற ஆள் நான். இப்போது நானே சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எட்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார் டாக்டர். ஒன்பதாம் நாள் காலை நாத்தனாரை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை.

அந்த வீட்டு ஹாலில் ஓர் அம்மாளின் படம் உண்டு. போட்டோ இல்லை, எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது. வீட்டுக்கார சாருடைய தாத்தாவுக்குப் பாட்டியாம், வரைந்து நூற்று முப்பது வருஷம் இருக்கும் என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மாளின் நெற்றியில் குங்குமம் வைப்பது அவர்கள் வழக்கம். கண்ணாடி கிடையாது, படத்தின் மேலேயே வைத்து வைத்து அடையாகக் காய்ந்திருந்தது.

சாருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “பொண்ணு பாக்க வர்றாங்க மல்லிகா, அந்தப் படத்த மட்டும் தொடச்சிடு. ஈரத் துணி போடாத” என்றார் சமையலறையிலிருந்து. தூக்கக் கலக்கத்தில் ஈரத் துணியைத்தான் போட்டேன். காய்ந்த குங்குமத்தோடு, அடியில் வரைந்திருந்த பொட்டும் பெயர்ந்து வந்துவிட்டது. புருஷன் செத்தால் செய்கிற காரியம். என் புருஷன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது அதை நானே என் கையால் செய்துவிட்டேன்.

மிச்சத்தை ஒற்றி எடுக்கப் பார்த்தேன், துணி சிவந்தது. பக்கெட்டில் அலசிவிட்டு மறுபடி ஒற்றினேன், மறுபடியும் சிவப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், சுண்டுவிரல் நகமளவு பொட்டு, பக்கெட் தண்ணீர் முழுக்கச் சிவந்து போயும் வந்துகொண்டே இருந்தது. பயத்தைவிட அலுப்புதான் எனக்கு. இன்னும் எவ்வளவுதான் என்று அழுகை வந்துவிட்டது.

“எம்மா தாயே, என்னால முடியலம்மா. யார் பொட்ட வேணா எடுத்துக்க, என்னுத மட்டும் உட்டுடு” என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

அடுத்த முறை ஒற்றியபோது துணி வெள்ளையாக இருந்தது.

பக்கெட்டைக் கொட்டிவிட்டு வருவதற்குள் நாத்தனார் போனில் கத்தினாள். “அண்ணி, அண்ணன் கண்ணத் தொறந்துட்டாரு, தண்ணி கேக்குறாரு, ஜல்தி வாங்க!” அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், கை நிறையப் பழம் கொடுத்து அனுப்பினார். நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக் கார் வருகிறதா என்று வாசலில் நின்றிருந்த சார் அப்படியே சரிந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாத மனிதர்.

என் வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நான் இன்னும் அந்த வீட்டுக்குத்தான் வேலைக்குப் போகிறேன். மாரடைப்பு யாருக்கும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். போன வாரம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

“அன்னிக்கு ஹால்ல யாரோட பேசிக்கினு இருந்த மல்லிகா?”

“யாரும் இல்லக்கா. நான்தான் தனியா பொலம்பிக்கினு இருந்தேன்.”

“இல்லியே. நீ சொன்னது காதுல வுழல. ஆனா ‘சரி’ன்னு ஒரு பொம்பள சொன்னாளே, அது நல்லா கேட்டுச்சு.”

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அக்காவின் வெறும் நெற்றியைப் பார்க்க முடியாமல் மல்லாட்டையை உரித்துக்கொண்டே இருந்தேன்.