ஒரே மேட்சுக்கு இரண்டு மெழுகுதிரி

இன்று மன்னார் பஸ்ஸில் மீனவர் சூசை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் மெழுகுதிரி.

"என்ன நேர்த்திக்கடன், சூசை?"

"இரவு கிரிக்கெட் மேட்ச், அண்ணை. படகு இன்ஜினை அடகு வைச்சுப் போனில பந்தயம் கட்டினனான். தோத்தா கடலுக்குப் போகேலாது. அதான் அந்தோனியார் கோயிலுக்குப் போறன்."

பின் சீட்டில் அவர் மச்சான் சிரித்தார். "நான் காலமையே போய் ஒரு திரி கொளுத்திப்போட்டன். மற்ற டீமுக்கு!"

சூசை தன் திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சட்டத்தில் நான் அரை அப்புக்காத்து, அதாவது பாதி வக்கீல், என்பது ஊரறிந்தது. பந்தயத்தை ஒழுங்குபடுத்தப் புதுச்சட்டம் வருவதை விளக்கினேன். டிரைவரே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தார்.

சூசை மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, அது இண்டைக்கு இரவுக்கு முதல் வருமோ?"

அதுவும் தெரியவில்லை, அந்தோனியார் எந்தத் திரியைப் பார்ப்பார் என்பதும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.