மதர்போர்டுக்கு மஞ்சள் குங்குமம்

கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு விற்கிற தொழிலில் மூளைக்கு அரை நாள்தான் வேலை. மீதி நேரமெல்லாம் காதுக்குத்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் தில்லைநகரில் நசீர் பாய் கடையில் நிற்கிறேன். வருகிறவர் பேசுவதைக் கேட்டு, அவர் படி இறங்கியதும் அதே குரலில் பேசிக் காட்டுவேன். கடையில் நின்று கால் கடுத்தவர்களே, இதுவும் இல்லையென்றால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிடாதா?

வெளிநாட்டு சிபாரிசு

ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேகி அக்கா வந்தார். வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை. கையிலிருக்கும் காட்சியைத் திங்கட்கிழமைக்குள் முடிக்காவிட்டால் பெங்களூர் ஆபீசுக்கே வந்து உட்காரச் சொல்லிவிட்டார்களாம். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. அதனால் ஓவர்க்ளாக் மெஷின் வேண்டும். அதாவது, ப்ராசஸரை அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டுவது. விரட்டினால் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்குகிற மதர்போர்டு எது என்பதுதான் கேள்வி.

ஒரு போர்டை எடுத்து வைத்து, யூட்யூபில் அதைப் புகழ்ந்த வெளிநாட்டுக்காரர் மாதிரி மூக்கால் இங்கிலீஷ் பேசினேன். குழந்தை கைதட்டியது. அக்கா தட்டவில்லை.

"தம்பி, அவர் ஸ்வெட்டர் போட்டுண்டு பேசறார். எங்காத்து மாடி ரூம்ல ஃபேனே அனலாத்தான் விடறது."

பாயின் குரல்

அக்கா சொன்னது நியாயம். அந்த போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மூடியில்லாமல் கிடந்தது. அதற்கு மேல், சூட்டை இழுத்து வெளியே விடுகிற தடியான உலோக மூடி போட்ட போர்டு சென்னையிலிருந்து வர இரண்டு நாளாகும். அக்காவோ அவசரத்தில் இருந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய், தொண்டையைக் கனைத்து, அவர் குரலிலேயே, "தைரியமா எடுத்துட்டுப் போம்மா, நான் பொறுப்பு" என்றேன். அக்காவும் நம்பி வாங்கிக்கொண்டார். திரும்பினால் பாய்.

"என் குரல்ல பேசிக்க, பரவாயில்ல. என் குரல்ல பொறுப்பு ஏத்துக்காதடா!"

கண்ணேறு

மறுநாள் பாயும் நானும் காவிரிப் பாலம் தாண்டிப் போய், அக்கா வீட்டு மாடி ரூமில் மெஷினை மாட்டினோம். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், போர்டின் நடுவே குழைத்த மஞ்சள், அதன்மேல் குங்குமம்! அக்காவின் மாமியார் ஈர விரலோடு திருப்தியாக நின்றார். நல்லவேளை, இன்னும் பவர் கொடுக்கவில்லை. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஸ்கூட்டருக்கு வெச்சேன், ஃப்ரிட்ஜுக்கு வெச்சேன், எல்லாம் ஓடிண்டுதானே இருக்கு?" என்றார் மாமி, பாவமாக.

மத்தியானச் சோதனை

துடைத்துக் காயவைத்து ஆன் செய்தோம், ஓடியது. வேகத்தைக் கூட்டினோம். வெயில் ஏற ஏற அந்தத் திறந்த பகுதி கொதித்து, மெஷின் தானாகவே அணைந்தது. மறுபடி ஆன் செய்தோம், மறுபடி அணைந்தது. மாமி தன் மஞ்சளால்தான் என்று நினைத்து மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். "இல்லம்மா, இது வெயில்" என்று பாய் எவ்வளவோ சொன்னார்.

பாய் சென்னைக்குச் சொல்லி வரவழைத்த மூடி போட்ட போர்டு சனிக்கிழமை வந்தது. பாய் அதை மாட்டிவிட்டு, மாமியைக் கூப்பிட்டு, மூடியைத் தொட்டுக் காட்டி, "குங்குமம் மட்டும், தண்ணி தொடாம, இங்க வைங்கம்மா" என்றார். மத்தியானம் முழுக்க மெஷின் அணையவில்லை. மஞ்சள் கறை போகாத பழைய போர்டை என்ன செய்வதென்று பாயைக் கேட்டேன்.

"மங்களகரமா இருக்குடா, நம்ம கடை மெஷினுக்கே போட்டுக்கலாம்."

திங்கட்கிழமை

கடை போன் அடித்தது, அக்கா வீட்டு நம்பர். பாயின் குரலில் "சொல்லுங்கம்மா!" என்று முழங்கினேன். அந்தப் பக்கம் மாமி.

"வைதேகி எல்லாத்தையும் அனுப்பிட்டா, பெங்களூர் போக வேண்டாமாம். இப்பதான் கொழந்தையோட அவளும் கண்ணயர்ந்திருக்கா. நீ பாய் மாதிரி கத்தாம மெதுவாப் பேசுடா!"

வேகத்தைக் கூட்டச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம் சொல்வது சத்தத்தைக் குறைக்கத்தான்.