மச்சானின் தலைசுற்றல் ஆராய்ச்சி

தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு டாக்டர் கவிநேசனைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அவர் என் மனைவியின் தம்பி. எழுதிவிட்டேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா செத்த பிறகு அவரைப் படிக்க வைத்தவள் அக்கா பவானேஸ்வரி, அதாவது என் மனைவி. பள்ளி வேன் ஓட்டியே படிக்க வைத்தாள். மச்சான் லண்டன் போய் மூளை விஞ்ஞானியாகி, வெள்ளைக்காரத் துரை மாதிரித் திரும்பினார். மனிதன் விழாமல் எப்படி நிற்கிறான், காதும் கண்ணும் மூளையும் எப்படிச் சேர்ந்து அவனை நிறுத்தி வைக்கின்றன, அது கெட்டால் ஏன் தலை சுற்றுகிறது, இதுதான் அவர் ஆராய்ச்சி. ஆயர் குரோவில் பல்கலைக்கழக வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

போன வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பவானி விழுந்து கும்பிட்டு எழுந்தாள். எழுந்தவள் தள்ளாடித் தூணைப் பிடித்தாள். உடனே உறுமி மேளம் உச்சத்துக்குப் போனது.

"சாமி வந்திருச்சுலா! மஞ்சத்தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினார் பக்கத்தில் நின்ற முனியாயி அக்கா.

"எனக்குத் தல சுத்துதுக்கா" என்று இவள் கெஞ்சினாள். யார் கேட்டது? கையில் வேப்பிலையைத் திணித்து, "ஆத்தா, எம் பையனுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?" என்று ஒருத்தி காலில் விழுந்தாள். தலை சுற்றுகிறவளிடம் குறி கேட்கிற கூட்டத்தை என்னவென்று சொல்ல!

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கும்பிட்டு எழும்போதெல்லாம் அதே கதை. படுக்கையில் புரண்டால்கூட வீடு சுற்றியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இனி ஓட்ட மாட்டேன் என்று வேன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அன்று முழுக்க அழுதாள். வேன்தான் அவளுக்கு உயிர். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். "தம்பியே இதுக்குத்தானே படிச்சிருக்கான்? வேற எவன்கிட்ட போவச் சொல்றீங்க?" என்று என் மேல் பாய்ந்தாள்.

சொல்லி அனுப்பியதும் துரைக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கேமராவும், ஒயர் தொங்குகிற தொப்பியுமாகக் கோவிலுக்கே வந்தார். அக்காவைத் திரும்பத் திரும்ப விழுந்து கும்பிடச் சொல்லிக் கண்ணைக் கிட்டத்தில் படம் பிடித்தார்.

"சரியாயிருமா தம்பி?"

"பாத்துக்கலாம்க்கா. அடுத்த ஃப்ரைடே வருவேன், இதே மாதிரி கும்பிடுங்க. வேற எங்கயும் காட்டாதீங்க."

அவளும் காட்டவில்லை. தம்பி சொன்னால் வேதவாக்காயிற்றே! துரை வருவார், படம் பிடிப்பார், காப்பி குடிப்பார், போவார். திருவிழா முடிந்து தீபாவளியே நெருங்கிவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் அவருடைய சொற்பொழிவு. பவானி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். நான்தான் வேனை ஓட்டிப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் ஆள் உயரத்துக்கு இரண்டு கண்கள். பவானியின் கண்கள்.

"இந்தப் பெண்மணிக்குச் சாமி வருதுன்னு தோட்டத்துல நம்புறாங்க" என்றார் மச்சான். அக்கா என்று வாயில் வரவில்லை. "கண்ணு துடிக்கிறதப் பாருங்க. காதுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். தலைய முறையா திருப்பினா சில நிமிஷத்துல சரியாயிரும்."

கூட்டம் சிரித்தது. கைதட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் பவானி எழுந்துவிட்டாள்.

"அப்ப எனக்கு ஏன் தம்பி திருப்பல?"

மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார். "அக்கா, ஆராய்ச்சி முடியணும்ல? சரியாயிட்டா பதிவெல்லாம் கெட்டுப் போயிரும்லா."

அட பாவி! இவனுக்கா அவள் வேன் ஓட்டினாள்?

பவானி என் தோளைப் பிடித்து மேடை ஏறினாள். மேசையிலிருந்த பூங்கொத்தை ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுத்தாள். "இப்பத் திருப்பு."

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தலையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார், காத்திருந்தார், மறுபக்கம் திருப்பினார், உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவள் இறங்கித் தரையில் விழுந்து கும்பிட்டாள். தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து மச்சான் ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கினார். அவள் கும்பிட்டது மேடையிலிருந்த குத்துவிளக்கை. எழுந்தாள். தள்ளாடவில்லை.

"இவ்வளவுதானாடா?" என்றாள்.

அதற்கும் கைதட்டினார்கள். மச்சான் கேமராக்காரனைப் பார்த்து, "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

பவானி என்னிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அலோர் காஜா வரைக்கும் அவள்தான் ஓட்டினாள்.

மச்சான் இப்போதும் போன் அடிக்கிறார். "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிடுகிறாள், அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே.