நடுவில் செருகிய வரி

கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நாகலூருக்கு பஸ் ஏறிப் போய் பென்னியையே கேளுங்கள். அவன் சொன்னதற்கு மேல் கடுகளவும் நான் சேர்க்கவில்லை. நடந்தது போன நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்.

அங்கே காபிக்கொட்டை உலர்த்தும் எஸ்டேட் கொட்டகையில் புகை சூழ்ந்தால், கூரைமேல் இருக்கும் அபாயச் சங்கு ஊத வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதியவன் பென்னி. கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை ஓடி முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுப் போகும். பூஜ்யம் என்றால் நலம், ஒன்று என்றால் ஆபத்து. அடுத்த கட்டளை ஓடியதும் பழைய எண் போய்விடும். புகையைப் பார்க்கும் கட்டளைக்கும், 'ஒன்று வந்தால் சங்கை ஊது' என்ற நிபந்தனைக்கும் நடுவே, 'பார்த்தாச்சு' என்று பதிவு செய்யும் ஒரு வரியை அவன் செருகியிருந்தான். நிபந்தனை பார்த்ததெல்லாம் அந்த வரி விட்ட பூஜ்யத்தைத்தான். அந்த வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை புகை சூழ்ந்தபோது சங்கு ஊதவே இல்லை. அடுப்புக்குக் காவலிருந்த மாதப்பன் உள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போனார்.

"குடிச்சுட்டுக் கெடந்தா சங்கு ஊதுனாலும் எப்படிக் கேக்கும்?" என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சூசைமாணிக்கம். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். மாதப்பன் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். உண்மை தெரிந்த பென்னி வாயே திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் 3.10. யாருமில்லாத ஆபீஸில் உட்கார்ந்து அந்த வரியை நைசாக அழித்து, ஸ்கிரிப்டை ஓடவிட்டான். ஜன்னல் வரை பனி மூடியிருந்தது. அடுப்பு மூட்டி ஆறு நாளாகிறது, பூஜ்யம்தான் வரவேண்டும்.

ஒன்று வந்தது.

ஊ... ஊ... ஊஊஊ...

கொட்டகைக்கு ஓடினான். சாம்பல் சில்லென்றிருந்தது. புகை இல்லை. கூரை பனிக்குள் தெரியவில்லை. சத்தம் மட்டும் மேலிருந்து வந்தது.

திரும்பி ஓடிவந்து, அழித்த வரியைச் சேர்த்தான். சங்கு நின்றது. எடுத்தான்... ஊதியது. 3.22. சேர்த்தான். நின்றது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டான்.

ஊஊஊ...

வாசலில் நிழல்.

மாதப்பன் சம்சாரம் அத்தாயி.

"ஏனுங்க சாமி, இந்தச் சத்தம் அன்னைக்கு வரலீங்களே? எங்க ஊடு கூப்புடு தூரந்தானுங்க."

"ஊதலீங்க அக்கா... அவரு குடிக்கலீங்க. தப்பு எம்மேலதானுங்க."

சங்கு நின்றது.

பென்னி எதையும் தொடவில்லை.

அத்தாயி அழவில்லை. "இத ரைட்டருகிட்டச் சொல்லுங்க சாமி" என்றாள்.

அன்றைக்கே சொன்னான். எழுதியும் கொடுத்தான். சங்கு ஊதியதைச் சொன்னபோதுதான் ரைட்டர் முகம் வெளுத்தது.

"என்னப்பா சொல்ற? அதைச் செவ்வாக்கெழமையே விசாரணைக்குக் கழட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோயாச்சே!"

மறுநாள் பனி விலகியதும் பென்னி அண்ணாந்து பார்த்தான். சங்கு இருந்த இடத்தில், தகரக் கூரையில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.